சகலை வீட்டுக் கதவுமுட்டு

ஒரே வீட்டில் பெண் எடுத்த இரண்டு ஆண்களை எடை போட்டுப் பார்க்காத மாமியார் கிடையாது. அந்த அம்மாள் போய்ச் சேர்ந்த பிறகும் தராசு மட்டும் வீட்டோடு தங்கிவிடும். அக்கா ஒரு தட்டைப் பிடித்துக்கொள்வாள், தங்கை ஒரு தட்டை. தட்டில் ஏறி உட்கார்ந்து மேலும் கீழும் ஆடுவது சகலைகளின் தலையெழுத்து.

மூத்த சகலைக்குத் தெருவில் கார்பன் என்று பெயர். அம்மா அப்பா வைத்தது இல்லை. துளை போடுகிற மெஷின், அறுக்கிற மெஷின், தேய்க்கிற மெஷின், எது நின்றுபோய் அவரிடம் வந்தாலும் மூடியைத் திறப்பதற்கு முன்பே "கார்பன் தேஞ்சிருக்கும்" என்பார். பெரும்பாலும் அதுதான் உண்மையாகவும் இருக்கும். மோட்டாருக்குள் மின்சாரத்தை ஊட்டிவிடுகிற இரண்டு சின்னக் கரித்துண்டுகளின் பெயர் அப்படித்தான் ஆள்மேல் ஒட்டிக்கொண்டது. மனைவிக்குத் தலைவலி வந்தாலும் அதையேதான் சொல்வார் என்று ஒரு பேச்சு உண்டு. அது அபாண்டம். மனைவிக்குத் தலைவலி வந்தால் அவர் எதுவுமே சொல்ல மாட்டார்.

இளைய சகலை கண்டக்டர். காலமெல்லாம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்து ஓய்வு பெற்றவர். உத்தியோகம்தான் ஓய்வு பெற்றது, தொண்டை பெறவில்லை. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால்கூட "உள்ள தள்ளி வாங்க, இன்னும் நாலு பேர் உக்காரலாம்" என்று ஆரம்பித்துவிடுவார். முன்பின் தெரியாதவர்கள்கூடத் தள்ளி உட்கார்வார்கள். அதுதான் அவரிடம் உள்ள மருந்து.

இரண்டு பேருக்கும் நடுவில் வெகுகாலம் ஒரு மனத்தாங்கலும் கிடையாது. ஒருவர் ஓடுகிற பஸ்ஸில் இருந்தார், ஒருவர் ஓடாத மெஷினோடு இருந்தார். எங்கே உரச முடியும்?

உரசலுக்குப் பிள்ளையார் சுழி போட்டது தங்கைக்காரிதான். அக்காவிடம் வந்து அழாத குறையாகச் சொன்னாள். "வீட்லயே இருந்து உசுர வாங்குறாருக்கா. அடுப்படிக்கு வந்து 'சோறு எறங்கியாச்சா, ரைட் போலாமா'ன்னு நிக்கிறாரு. அத்தான்கிட்ட சொல்லி எங்கயாச்சும் கூட்டிட்டுப் போகச் சொல்லேன். உனக்குப் புண்ணியமாப் போகும்."

கார்பனும் சரி என்றார். அவர் போகிற இடம் ஒன்றே ஒன்றுதான், காயலான் கடை. வரும்போது மூட்டை தூக்க ஒரு ஆள் கிடைக்கிறானே என்று உள்ளூர ஒரு கணக்கு. வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டவன் கதையை அவரும் கேட்டிருக்கிறார். கேட்டு என்ன பிரயோஜனம்?

அந்தக் கடையைக் கடை என்று சொல்வது மரியாதைக்காக. தகர வேலி போட்ட ஒரு மைதானம். சலவை மெஷின்களின் வயிற்றுக்குள்ளிருந்து பிடுங்கிய உருளைகள் ஒரு பக்கம், கைகால் இழந்த மின்விசிறிகள் ஒரு பக்கம், கம்பி, தகடு, கதவு. கட்டட வேலைக்காரர்கள் தூக்கிப் போட்ட மெஷின்கள் மட்டும் மூட்டை மூட்டையாகத் தனியே வந்து இறங்கும். தகரக் கொட்டகைக்கு அடியில் இரண்டு பெண்கள் உளியும் சுத்தியலுமாக உட்கார்ந்து மோட்டார்களிலிருந்து செம்பை உரித்துக்கொண்டே இருப்பார்கள். எடைமேடைக்குப் பக்கத்தில் முதலாளியம்மா. இழுத்துப் பூட்டிய ஷட்டர் மாதிரி ஒரு முகம்.

மெஷின் மூட்டை பிரிந்தால் முதல் கை கார்பனுடையது. யாரும் பட்டா போட்டுக் கொடுக்கவில்லை, பழக்கம்தான். அவர் பொறுக்கி முடிக்கும்வரை மற்ற ஆட்கள் தள்ளி நிற்பார்கள். அவரும் சும்மா பொறுக்க மாட்டார். ஒவ்வொரு மெஷினாகத் தூக்கி, காற்றுத்துளையில் மூக்கை வைத்து இழுப்பார். எரிந்த வார்னிஷ் நெடி அடித்தால் உள்ளே சுருள் கருகிவிட்டது, ஆள் காலி. நெடி இல்லாவிட்டால் முனையைப் பிடித்து விரலால் சுற்றுவார், காதருகில் வைத்துக் கேட்பார். பெண் பார்க்க வந்தவர்கள்கூட அவ்வளவு நேரம் பார்க்க மாட்டார்கள். தேறியதை எடை போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து, வாசல் அறையில் பிரித்து மாட்டி, தச்சர்களுக்கும் கொத்தனார்களுக்கும் விற்பார். அதுதான் பிழைப்பு, அதுதான் பெருமை. "கார்பன் கை பட்டா பொணமும் எந்திரிக்கும்" என்று குழாய் ரிப்பேர்க்காரர் ஒருமுறை சொன்னதை அவர் இன்னும் செலவழிக்காமல் வைத்திருந்தார்.

கண்டக்டர் கடைக்குள் நுழைந்த முதல் நாளே லாரி ஒன்று பின்னால் வந்து எடைமேடையை இடிக்கப் பார்த்தது. இவர் சட்டைப்பையில் விசில் இன்னும் இருந்தது. எடுத்து ஒரு ஊது ஊதி, "வா, வா, வா, லெஃப்ட்ல ஒடி, ஒடி, ஹோல்டான்!" என்று அங்குலம் பிசகாமல் நிறுத்தினார். முதலாளியம்மா சிரித்தார். ஷட்டர் திறந்து உள்ளே பல்லெல்லாம் இருப்பது அன்றைக்குத்தான் கார்பனுக்குத் தெரிந்தது.

அடுத்த முறை போனபோது கண்டக்டருக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தது.

கார்பன் அந்த நாற்காலியையே பார்த்துக்கொண்டு நின்றார். கை உடைந்து கம்பி கட்டிய பிளாஸ்டிக் நாற்காலிதான். ஆனால் இத்தனை காலமாக அந்த மைதானத்தில் அவர் நின்றுகொண்டேதான் இருந்திருக்கிறார். உட்கார் என்று ஒருத்தர் வாயிலிருந்தும் வந்ததில்லை. கால் வலிக்குமே என்று இவருக்கும் அதுவரை தோன்றியதில்லை. அன்றைக்குத்தான் முழங்கால் இரண்டும் விண் விண் என்று தெறித்தன.

நாற்காலியோடு நின்றிருந்தால் பரவாயில்லை. கண்டக்டருக்குக் கை சும்மா இருக்காது. இவர் மோந்து பார்ப்பதைப் பார்த்து அவரும் மோந்தார். இவர் பிரிப்பதைப் பார்த்து அவரும் ஒரு திருப்புளி வாங்கினார். ஒரு துளை மெஷினைப் பிரித்துக் கோர்த்து ஓட்டியே காட்டிவிட்டார். நான்கு திருகாணி மிச்சம். "இது எங்கண்ணே போகணும்?" என்று கார்பனிடம் கேட்டு, பதில் வருவதற்குள் "சரி, கம்பெனிக்காரன் ஸ்பேர் குடுத்திருப்பான்" என்று தானே சொல்லிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். செம்பு உரிக்கிற பெண்கள் உளியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார்கள்.

நாலு திருகாணி இல்லாத மெஷின் ஓடக் கூடாது. நியாயப்படி அது ஆடி அசைந்து கழன்று விழ வேண்டும். ஓடியது. கார்பன் தினமும் விசாரித்தார், ஓடிக்கொண்டே இருந்தது.

கொஞ்ச நாளில் லாரி வந்தால் மூட்டையை முதலில் நாற்காலிக்கு முன்னால் கொண்டுபோய்ப் பிரித்தார்கள். கண்டக்டர் பெரிய மனசாக "அண்ணே, நீங்க மொதல்ல பாருங்க" என்பார். பாருங்கள், முதல் கை போனதுகூடப் பெரிதில்லை. போன முதல் கையைப் போக்கியவனே திருப்பித் தானம் பண்ணுகிறான் என்றால் அதை எந்த வயிறு தாங்கும்?

வீட்டிலும் நிம்மதி இல்லை. சாப்பாடு போடும்போது மனைவி பேச்சோடு பேச்சாக எடுத்துவிட்டாள். "தங்கச்சி வீட்டுக்காரரு எதிர்வீட்டு மாவு மெஷின சரிபண்ணிட்டாராமே. சத்தமே இல்லையாம். பூன மாதிரி ஓடுதாம்."

"சத்தமே இல்லன்னா பெல்ட் கழண்டு கெடக்கும்."

"மாவு வருதாமே."

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"குழாய்க்காரரும் அவருகிட்டதான் மெஷின் குடுத்திருக்காராம்," என்றாள்.

செலவழிக்காமல் வைத்திருந்த அந்தப் பாராட்டு அன்றோடு செல்லாக்காசு.

கார்பனுக்கு மிச்சம் இருந்தது ஒரே ஒரு ரகசியம். வாசல் அறை அலமாரியில் பழைய துணியில் சுற்றி ஒரு இழைப்பு மெஷின் வைத்திருந்தார். தச்சன் கையால் இழைப்புளி தள்ளுகிற வேலையை மோட்டார் போட்டுச் செய்கிற மெஷின் அது. இந்தக் காலத்துப் பிளாஸ்டிக் பெட்டி இல்லை. உடம்பு முழுக்க வார்ப்பு உலோகம். தூக்கினால் கைக்கு அடங்கிய கன்றுக்குட்டி மாதிரி ஒரு கனம். அப்படி ஒன்று இப்போது யாரும் செய்வதில்லை, யாரிடமும் ஓடுகிற நிலையில் இல்லை. அதை மட்டும் ஓட்டிக் காட்டிவிட்டால், தெருவில் கை யாருடைய கை என்பது தீர்ந்துவிடும்.

குறை ஒன்றே ஒன்று. உள்ளே சுழல்கிற ஆர்மேச்சர் இல்லை. எவனோ கழற்றிக்கொண்டு கூட்டை மட்டும் எறிந்திருந்தான். கருகியிருந்தால்கூடப் புதிதாகச் செம்புக்கம்பி சுற்றிக்கொள்ளலாம். சுற்ற ஆர்மேச்சரே இல்லையே. அந்த மாடலின் ஆர்மேச்சருக்கு ஒரு அடையாளம் உண்டு, கழுத்தில் பித்தளை விசிறி. பிறகு வந்ததெல்லாம் பிளாஸ்டிக். கார்பன் எத்தனையோ மூட்டைகளில் அந்தப் பித்தளையைத் தேடினார். நாயைக் கண்டால் கல்லைக் காணோம் என்கிற கதையாக, கையில் கூடு இருந்தது, உயிரைக் காணோம். இதை அவர் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. சொன்னால் தங்கைக்குப் போகும். தங்கைக்குப் போனால் கண்டக்டருக்குப் போகும். கண்டக்டருக்குப் போனால் ஊருக்கே விசில் ஊதிய மாதிரி.

இந்த நிலைமையில்தான் தங்கைக்காரி மாடியில் ஒரு அறை கட்டி முடித்து, வந்து பார்க்கச் சொன்னாள். போகாமல் இருந்தால் பொறாமை என்பார்கள். உண்மையாகவே பொறாமை இருந்ததால் கார்பன் முதல் ஆளாகக் கிளம்பினார்.

அறை நன்றாகத்தான் இருந்தது. அதுவே ஒரு எரிச்சல். திரைத்துணிக் கம்பிகளுக்குக் கண்டக்டரே துளை போட்டிருந்தார், அந்த நாலு திருகாணி இல்லாத மெஷினால். கார்பன் ஒரு கண்ணை மூடிக்கொண்டு மட்டம் பார்த்தார். ஒரு நூல் சரிந்திருந்தது. நெஞ்சுக்குள் ஒரு சொட்டுக் குளிர் நீர் விழுந்தது.

"பாத்து வாங்க அத்தான், கதவு அடிச்சிரும்," என்றாள் தங்கைக்காரி. "மாடிக்காத்து அப்பிடி. அதுக்குத்தான் கீழ முட்டு குடுத்து வச்சிருக்கோம்."

கார்பன் கீழே பார்த்தார்.

கதவுக்கு அண்டக்கொடுத்து, குண்டாக, செம்புச் சுருள் மினுங்க, கழுத்தில் பித்தளை விசிறியோடு படுத்திருந்தது அவருடைய ஆர்மேச்சர். பித்தளையைப் புளி போட்டுத் தேய்த்து வைத்திருந்தார்கள்.

கார்பன் கால் சுளுக்கியவர் போலக் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவருக்குப் பழக்க தோஷம், குனிந்து மூக்கை அதன் பக்கத்தில் கொண்டுபோய் ஒரு இழுப்பு இழுத்தார். எரிந்த நெடி துளி இல்லை. பிறந்த குழந்தை மாதிரி இருந்தது.

"என்ன அத்தான், மோந்து பாக்கறீங்க? காலையிலதான் தொடச்சேன்," என்றாள் தங்கைக்காரி.

மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "எங்க போனாலும் இந்த மானங்கெட்ட பழக்கம். போன வாரம் பாங்க்ல ஃபேன மோந்து பாக்கறாருடி."

கண்டக்டர் குதித்துக்கொண்டு வந்தார். "அதையே கேக்கணும்னு இருந்தேன் அண்ணே. செம்பு உரிக்கிற எடத்துல கெடந்துச்சு. உளி வைக்கப் போனாங்க. பாக்க லட்சணமா இருக்கேன்னு கேட்டு வாங்கிட்டு வந்துட்டேன். எந்த மெஷினோடதுண்ணே இது? எதுக்காச்சும் ஆகுமா?"

இதற்கு மேல் ஒரு மனிதனுக்கு எப்படி வழி திறந்துவிடுவது? "ஆகும் தம்பி, குடுங்க" என்று மூன்று வார்த்தை. வாயைத் திறந்தால் போதும். கார்பன் திறக்கத்தான் போனார். அதற்குள் காதில் மைத்துனியின் குரல் கேட்டது. அவள் அப்போது பேசவில்லை. இனிமேல் ஆயுசு முழுக்க அவள் பேசப்போகிற பேச்சு முன்கூட்டியே கேட்டது. 'அத்தானோட அந்தப் பெரிய மெஷின் இருக்கே, எங்க வீட்டுக்காரரு ஆர்மேச்சர் குடுக்கலேன்னா அது ஏது?'

"செத்த சரக்கு," என்றார் கார்பன்.

"அப்பிடியா? பாத்தா நல்லா இருக்கே?"

"உள்ளுக்குள்ள ஷார்ட். மேல மினுக்கும். தூக்கிப் போடுங்க."

"முட்டுக்குத்தானே அத்தான்?" என்றாள் மைத்துனி. "அது செத்தா என்ன, உசுரோட இருந்தா என்ன? கதவு நிக்கிது."

இதைக் கார்பன் எதிர்பார்க்கவில்லை. பொய்க்கு ஒரு சக்கரம் போட்டால் ஓடாது, இரண்டாவதும் மாட்டவேண்டியிருந்தது. "வீட்டுக்குள்ள வைக்கக் கூடாதும்மா. உள்ள வெந்த வார்னிஷ் இருக்கு. மூடின ரூம்ல அந்தக் காத்து மூச்சுக்கு ஆகாது. மோந்து பாத்துட்டுதானே சொல்றேன்."

மைத்துனி புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். "ஐயையோ, ராத்திரியெல்லாம் இருமினீங்களே, இதனாலதான்!" என்று புருஷனைப் பார்த்தாள்.

கண்டக்டர் முகத்தில் இருந்த மரியாதையைப் பார்க்கச் சகிக்கவில்லை. "நல்லவேள அண்ணே நீங்க வந்தீங்க. நீங்க சொன்னா அதுக்கு மேல அப்பீல் ஏது? இன்னைக்கே கடாசிடறேன்."

கார்பன் போட்ட திட்டம் சுருக்கமானது. கடாசினால் எங்கே கடாசுவார்கள்? கண்டக்டர் வீட்டை ஒட்டிய தெருமுனைக் குப்பைத்தொட்டியில். அன்று சாயங்காலமே துணிப்பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு காலாற நடந்தார். அவர் காலாற நடந்து அந்தத் தெரு பார்த்ததில்லை. தொட்டியை எட்டிப் பார்த்தார், கையை விட்டார், பிறகு தோள்வரை விட்டார். துணி தேய்க்கிறவர் பெட்டியை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்.

"என்னண்ணே, வியாபாரம் இங்க வரைக்கும் வந்திருச்சா?"

"சாவி விழுந்திருச்சுப்பா."

"வீட்டுச் சாவியா? நீங்கதான் வீட்டப் பூட்டறதே இல்லையே. அக்கா எப்பவும் உள்ளதானே இருக்கும்?"

அதற்குள் மேலே ஜன்னலிலிருந்து அந்தத் தொண்டை வந்துவிட்டது. "அண்ணே! என்ன இந்தப் பக்கம்? மேல வாங்க! அந்தச் சனியன அப்பவே வெளியேத்திட்டேன். குப்பையில போட மனசு வரல. காயலான் கடைக்கு ஒரு வண்டி போச்சு, குடுத்துவிட்டேன். செம்பாச்சும் அந்தம்மாவுக்கு ஆகட்டும்!"

மறுநாள் கடையின் தகரக் கதவைத் திறக்கும்போதே கார்பன் வாசலில் நின்றார். பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். அன்றைக்கு உரிக்க வேண்டியதெல்லாம் ஒரு கூடையில் அவர்கள் முன்னால் கவிழ்த்திருந்தது. மேலாகவே கிடந்தது பித்தளை விசிறி. கார்பன் இரண்டே எட்டில் போய் அதை எடுத்துப் பைக்குள் போடப் போனார்.

"என்ன எடுக்கறீங்க?" என்றார் முதலாளியம்மா, இருந்த இடத்திலிருந்தே.

"ஒண்ணுமில்ல. ஒரு ஆர்மேச்சர்."

"கண்டக்டரு குடுத்துவிட்டதா? அது செத்ததுன்னு நீங்கதான் சொன்னீங்களாமே. வண்டிக்காரன் சொன்னான். வீட்ல வச்சா மூச்சு முட்டுமாமே?"

காயலான் கடைக்கு இரும்பு வருவதற்கு முன் சேதி வந்துவிடுகிறது.

"ஆமா, செத்ததுதான்," என்றார் கார்பன். "இதுல பேரிங் மட்டும் நல்லா இருக்கு. அது ஆகும்."

"பேரிங்தானே? எடுத்துக்கோங்க. ஏம்மா, அத ஒரு தட்டு தட்டி பேரிங்க உருவி அண்ணன்கிட்ட குடு."

செம்பு உரிக்கிற பெண் கையை நீட்டினாள். கார்பன் கொடுக்கவில்லை. "இல்ல, அந்த விசிறியும் ஆகும்."

"சரி, விசிறியும் கழட்டிக் குடு."

"அந்தத் தண்டும்... அதுவும் நல்ல தண்டு."

முதலாளியம்மா கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். "பேரிங்கு உங்களுக்கு, விசிறி உங்களுக்கு, தண்டு உங்களுக்கு. பின்ன எனக்கு என்னய்யா மிச்சம்?"

"செம்பு..."

"அதான் நானும் சொல்றேன். செம்ப உரிச்சுட்டு மத்த எல்லாத்தையும் அண்ணனுக்குக் குடுத்துரும்மா. முழுசாவே எடுத்துட்டுப் போகட்டும்."

இந்த நேரம் பார்த்து கண்டக்டர் உள்ளே வந்தார். "வாங்க அண்ணே, எனக்கு முன்னாடி வந்துட்டீங்களா!" என்று நாற்காலியில் உட்கார்ந்தார். அந்த முகத்துக்கு முன்னால் இனி ஒரு வார்த்தையும் மாற்ற முடியாது. கார்பனின் கையிலிருந்து அந்தப் பெண் ஆர்மேச்சரை வாங்கிக்கொண்டாள். அவள் கை தேர்ந்த கை. கட்டையில் சாய்த்து வைத்தாள். செம்புச் சுருள் மடங்குகிற கழுத்தில் உளியை ஊன்றினாள். தன் மூக்கை அறுத்தாவது எதிரிக்குச் சகுனத்தடை பண்ணவேண்டும் என்று புறப்பட்டவர்கள் கடைசி நிமிஷத்தில் மூக்கைத் தொட்டுப் பார்ப்பார்களோ என்னவோ. சுத்தியல் மேலே போனது.

"அடிக்காதே! உசுரோட இருக்கு!"

கத்தியது தான்தான் என்று கார்பனுக்கே சற்றுப் பொறுத்துத்தான் தெரிந்தது. எடைமேடையில் இரும்பு ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் பிள்ளை கிள்ளை அகப்பட்டுக்கொண்டதோ என்று ஓடி வந்தார்கள். சுத்தியல் அந்தரத்தில் நின்றது.

"எது உசுரோட இருக்கு?" என்றார் முதலாளியம்மா.

கார்பன் விரலால் காட்டினார்.

"நேத்து செத்திருந்துச்சே அண்ணே?" என்றார் கண்டக்டர். கிண்டலாகக் கேட்கவில்லை. அதுதான் கொடுமை.

"நேத்து சரியா பாக்கல."

"பாக்காம சொல்ற ஆளா நீங்க?" என்றார் முதலாளியம்மா. "ஒவ்வொண்ணையும் மூக்குப்பொடி மாதிரி இழுத்துட்டுத்தானே வைப்பீங்க?"

செம்பு உரிக்கிறவள் உளியால் முதுகைச் சொறிந்துகொண்டே சொன்னாள்: "கூடு எங்கயோ இருக்கு. அதான்."

கண்டக்டர் எழுந்து நின்றார். பஸ் நிறைந்த கூட்டத்தில் டிக்கெட் எடுக்காதவனை முகத்தைப் பார்த்தே பிடித்தவர் அவர். கார்பனின் முகத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். கண்டக்டர் முகத்தில் எப்போதும் இருக்கிற அந்தச் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிப் போனது.

"உங்ககிட்ட மெஷின் இருக்காண்ணே?"

"இருக்கு."

"எவ்வளவு நாளா?"

"ரொம்ப நாளா."

"கேட்டிருந்தா குடுத்திருப்பேனே," என்றார் கண்டக்டர். பிறகு, "என் பொண்டாட்டி நேத்தெல்லாம் அந்த ரூம கழுவிக்கிட்டு இருந்தா," என்றார்.

கண்டக்டர் திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருக்கலாம். அதற்கும் வழி வைக்கவில்லை பாவி.

முதலாளியம்மா ஆர்மேச்சரை வாங்கிக் கண்டக்டர் கையில் வைத்தார். "இது நீங்க கொண்டுபோய், நீங்க திருப்பிக் குடுத்தது. குடுக்கறதும் குடுக்காததும் உங்க இஷ்டம். எனக்குச் செம்பு போனா போகுது, இப்பிடி ஒரு கூத்து பாத்தேனே, அது போதும்."

கண்டக்டர் அதைக் கையில் உருட்டிப் பார்த்தார். மூக்கருகில் கொண்டுபோய் முறைப்படி ஒரு இழுப்பு இழுத்தார். "நல்லாத்தான் இருக்கு," என்று தனக்கே சொல்லிக்கொண்டார். பிறகு நீட்டினார். "வச்சுக்கோங்க. ஆனா ஒண்ணு. மாட்டி முடிச்சதும் மொதல்ல நான்தான் ஓட்டுவேன்."

முதல் ஓட்டம். அதற்காகத்தான் மனிதர் இவ்வளவு காலம் அந்தக் கூட்டுக்கு எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருந்தார். முடியாது என்று சொல்ல வாய் வந்தது. உளிக்காரி உளியை இன்னும் கீழே வைக்கவில்லை.

"சரி," என்றார் கார்பன்.

மாட்டும்போது மனைவி பக்கத்தில் நின்று பார்த்தாளாம். ஆர்மேச்சர் கூட்டுக்குள் போய் உட்கார்ந்த விதத்தைப் பார்த்தால், பிரிந்திருந்த காலமே இல்லாத மாதிரி இருந்ததாம். புதுக் கரித்துண்டு இரண்டு போட்டு, பெல்ட்டை இழுத்து மாட்டி, கத்திகளைத் தீட்டிப் பூட்டினார். பார்க்க இரண்டு வீடும் வந்துவிட்டது. கூடவே குழாய் ரிப்பேர்க்காரரும், துணி தேய்க்கிறவரும். யாரும் கூப்பிடவில்லை.

கண்டக்டர் பொத்தானை அழுத்தினார். வாசல் அறையில் ஒரு முழக்கம் எழுந்தது. கரகரப்பு இல்லாமல், ஒரே சீராக, வீட்டுச் சுவரெல்லாம் வயிற்றுக்குள் வாங்கிக்கொள்கிற முழக்கம். கார்பனுக்குக் கண் கலங்கியது. மரத்தூள் என்று சொல்லிக்கொள்ள இன்னும் மரத்தூள் வரவில்லை.

கண்டக்டர் பலகையில் மெஷினை வைத்துத் தள்ளினார். பஸ்ஸில் கம்பியைப் பிடித்துப் பழகிய பிடி. ஓரிடத்தில் அமுக்கினார், ஓரிடத்தில் விட்டார், பாதியில் மனைவியைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். முடித்துப் பலகையைத் தூக்கிக் காட்டும்போது அது மேடு பள்ளம், மேடு பள்ளம் என்று அலை அலையாகக் கிடந்தது.

ஆகா. கார்பனின் நெஞ்சுக்குள் அன்றைக்கு ஒரு சொட்டு இல்லை, ஒரு குடம் தண்ணீரே கவிழ்ந்தது. எத்தனையோ மாதத்து எரிச்சல் அப்படியே சுர்ரென்று அடங்கியது. அனுதாபமான முகத்தை வைத்துக்கொண்டு, "பரவால்ல தம்பி, புதுக் கை," என்று சொல்லக்கூட வாயைத் திறந்தார்.

"ஐ, டிசைன்!" என்றாள் மைத்துனி.

அவள் பலகையை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். அதன்மேல் உள்ளங்கையை ஓட்டினாள். "தண்ணி ஓடற மாதிரியே இருக்குக்கா. மாடி ரூம்ல தலைமாட்டுக்கு இதத்தான் வைக்கப்போறேன். கடையில எங்க கெடைக்கும் இப்பிடி?"

"அது டிசைன் இல்லம்மா, கோணல்," என்றார் கார்பன்.

யாரும் கேட்கவில்லை. குழாய்க்காரர் பலகையைத் தடவிப் பார்த்துத் தலையை ஆட்டினார். துணி தேய்க்கிறவர் "என் பெட்டிக்கு அடியில போட இதுல ஒண்ணு கெடைக்குமா?" என்றார். கார்பனின் மனைவி அதுவரை பேசாமல்தான் இருந்தாள். பிறகு புருஷன் பக்கம் திரும்பிக் கேட்டாள், எல்லோரையும் வைத்துக்கொண்டு:

"ஏங்க, நீங்க அலமாரிக்கெல்லாம் ஏன் எப்பவும் மொட்டையாவே பலக போடறீங்க? எனக்கும் இதே மாதிரி ஒண்ணு போட்டுக் குடுங்க."

கார்பன் இன்னொரு பலகையை எடுத்துப் போட்டார். மெஷினைப் பிடித்தார், தள்ளினார். கண்ணாடி மாதிரி வந்தது. இன்னொரு தடவை, வேண்டுமென்றே கையை ஆட்டித் தள்ளினார். அப்போதும் கண்ணாடி. ஆயுள் முழுக்க நேராகவே போய்ப் பழகிய கை, கோணச் சொன்னால் கோணவில்லை. மூன்றாம் முறை பல்லைக் கடித்துக்கொண்டு அமுக்கினார். பலகை மெலிந்ததே தவிர, அலை வரவில்லை.

கண்டக்டர் பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தார். பார்த்துவிட்டு, இவர் முழங்கையை இரண்டு விரலால் தொட்டுச் சொன்னார்:

"இவ்வளவு இறுக்கிப் புடிச்சா எப்பிடிண்ணே? லேசா விடுங்க. நான் காட்டறேன், தள்ளிக்கோங்க."

கார்பன் தள்ளிக்கொண்டார்.